அழுத பிள்ளைக்குப் பால், அழாத பிள்ளைக்கு?

லண்டன் பத்திரிகைகளில் சலிக்காமல் வந்துகொண்டே இருக்கும் ஒரு புலம்பல் உண்டு. ஸ்காட்லாந்துத் தேசியவாதிகள் பிரிந்துபோவோம் என்று மிரட்டுகிறார்கள், பிரிட்டிஷ் அரசு பயந்துபோய் அள்ளிக் கொடுக்கிறது, இங்கிலாந்துக்காரன் வரி கட்டியே தேய்கிறான். அங்கே உள்ளூர் மாணவனுக்குக் கல்லூரிக் கட்டணம் கிடையாது, மருந்துச் சீட்டுக்குக் காசு கிடையாது. இங்கே மாணவன் ஆண்டுக்கு 9,000 பவுண்டுக்கு மேல் கடன் வாங்கிப் படிக்கிறான். என்னய்யா நியாயம் இது?

கேள்வி சரிதான். ஆனால் கூண்டில் நிறுத்தியிருப்பது தப்பான ஆளை. மிரட்டியவனைத் திட்டுவதற்கு முன்னால், மிரட்டினால் மட்டுமே காது கேட்கிற ஓர் அரசை வளர்த்தது யார் என்று கேட்க வேண்டாமா?

வரலாற்றைக் கொஞ்சம் வரிசையாக அடுக்கிப் பார்ப்போம். 1967இல் ஹாமில்டன் இடைத்தேர்தலில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் வின்னி யூயிங் வென்றார். அதுவரை அந்தக் கட்சியை லண்டனில் யாரும் பெரிதாக மதித்ததில்லை. இரண்டே ஆண்டில், 1969இல், அரசியலமைப்பை ஆராய ஓர் அரச ஆணையம் வந்துவிட்டது. 1974 அக்டோபர் தேர்தலில் அதே கட்சி 11 இடங்களைப் பிடித்தது, ஸ்காட்லாந்தின் வாக்குகளில் 30 சதவீதத்தை அள்ளியது. வட கடலில் எண்ணெய் கிடைத்திருந்த நேரம் அது. சுதந்திர ஸ்காட்லாந்தின் கையில் எண்ணெய்ப் பணம் எவ்வளவு புரளும் என்று கணக்குப் போட்டு கேவின் மெக்ரோன் என்ற அரசுப் பொருளியலாளர் ஓர் அறிக்கை எழுதினார். அதைப் பொதுமக்கள் படிக்கக் கிடைத்தது 2005இல்! ஆக, ஸ்காட்லாந்து வாக்காளருக்கு எண்ணெய்க் கணக்கைக் காட்டவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சட்டமன்றம் தருகிறோம் என்று சமாதானம் சொன்னார்கள்.

அந்தச் சட்டமன்றத்துக்கான ஏற்பாடுகளுக்கு நடுவே பிறந்ததுதான் பார்னெட் சூத்திரம். கருவூலத்தில் அமைச்சராக இருந்த ஜோயல் பார்னெட் 1970களின் இறுதியில் கொண்டுவந்த தற்காலிக ஏற்பாடு. ஏற்கெனவே எந்த நாட்டுக்கு எவ்வளவு போய்க்கொண்டிருக்கிறதோ அதைத் தொட வேண்டாம். இனிமேல் இங்கிலாந்தில் மருத்துவத்துக்கோ கல்விக்கோ செலவு கூடினால், அந்தக் கூடுதலில் மட்டும் மக்கள்தொகைக் கணக்கில் மற்றவர்களுக்குப் பங்கு கொடு. இங்கிலாந்துக்கு 85 பங்கு, ஸ்காட்லாந்துக்கு 10, வேல்ஸுக்கு 5. சூத்திரம் மொத்தமே அவ்வளவுதான். யாருக்கு என்ன தேவை, எங்கே முதியவர் அதிகம், எங்கே நோய் அதிகம் என்ற கேள்வியே இதில் கிடையாது.

சில ஆண்டுகள் ஓடினால் போதும் என்று போட்ட கணக்கு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதை மாற்றியாக வேண்டும் என்று பார்னெட்டே பின்னாளில் சொன்னார். 2009இல் பிரபுக்கள் சபையின் குழு ஒன்றும் சொன்னது. கருவூலம் அசையவில்லை. இத்தனைக்கும் இது சட்டம்கூடக் கிடையாது, கருவூலத்தின் வழக்கம். தேசியவாதத்துக்குப் பயந்து ஓர் அரசு எடுக்கும் முடிவு எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. அவசரத்தில் போட்டது, நியாயம் சொல்ல முடியாதது, ஆனால் எடுக்கவும் பயம்.

பயம் தெளிந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 1979 மார்ச் 1 வாக்கெடுப்பில் 51.6 சதவீதம் பேர் சட்டமன்றம் வேண்டும் என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் ஆதரிக்க வேண்டும் என்று நடுவில் ஒரு நிபந்தனையைச் செருகியிருந்ததால் அது தோற்றது. அதே மாதம் கலகன் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. கவிழ்த்தவர்களில் தேசியக் கட்சியினரும் உண்டு. அடுத்த தேர்தலில் அவர்களே 2 இடத்துக்குச் சுருங்கினார்கள். உடனே அதிகாரப் பகிர்வு பரணுக்குப் போய்விட்டது. தாட்சர் அரசு தலைவரியை இங்கிலாந்துக்கு ஓராண்டு முன்பே, 1989இல், ஸ்காட்லாந்தில் கொண்டுவந்தது. 2, 3 இடம் வைத்திருக்கிற கட்சிக்கு யார் பயப்படப் போகிறார்கள்?

1999இல் எடின்பரோவில் நாடாளுமன்றம் வந்ததும் தேசியவாதம் ஓய்ந்துவிடும் என்று தொழிற்கட்சியில் பலர் நம்பினார்கள். 2007இல் தேசியக் கட்சி அங்கே ஆட்சிக்கு வந்தது. 2011இல் தனிப் பெரும்பான்மையே பெற்றது. 2014 செப்டம்பரில் சுதந்திர வாக்கெடுப்பு. வாக்களிப்புக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில் ஒரு கருத்துக்கணிப்பில் 'ஆம்' முந்தியது. கேமரன், மிலிபேண்ட், கிளெக் மூவரும் நாடாளுமன்றக் கேள்வி நேரத்தையே விட்டுவிட்டு வடக்கே ஓடினார்கள். வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு பத்திரிகையின் முதல் பக்கத்தில் மூவரும் கையெழுத்திட்டு உறுதிமொழி கொடுத்தார்கள்: அதிகாரம் கூடும், பார்னெட் சூத்திரமும் தொடரும். மூன்று கட்சித் தலைவர்கள், ஒரு பத்திரிகைப் பக்கம், பல நூறு கோடி பவுண்டு பொதுப்பணம். நாடாளுமன்ற விவாதம்? அதெல்லாம் அப்புறம். 55 சதவீதம் பேர் 'இல்லை' என்று வாக்களித்த மறுநாள் காலையிலேயே கேமரன் இங்கிலாந்துக்குத் தனிச் சலுகை என்று பேச ஆரம்பித்தார். ஸ்காட்லாந்துக்காரன் இதிலிருந்து என்ன பாடம் படித்திருப்பான்? அடுத்த ஆண்டே 59 தொகுதிகளில் 56ஐத் தேசியக் கட்சிக்குக் கொடுத்தான்.

இது ஸ்காட்லாந்துக்கு மட்டுமே உரிய வித்தையும் இல்லை. 2017இல் பெரும்பான்மை இழந்த தெரசா மே, வடக்கு அயர்லாந்தின் ஒரு கட்சியிடம் இருந்த 10 உறுப்பினர்களின் ஆதரவை வாங்கினார். வடக்கு அயர்லாந்துக்குக் கூடுதலாக 100 கோடி பவுண்டு போனது. பார்னெட் சூத்திரம் அன்றைக்கு எங்கே போயிற்று? அந்தக் கட்சி பிரிவினைக் கட்சி அல்ல, யூனியன் விசுவாசிகளின் கட்சி என்பதையும் கவனியுங்கள்.

இங்கிலாந்து மாணவனின் கட்டணக் கதையும் அப்படித்தான். 2004இல் அதை 3,000 பவுண்டு வரை உயர்த்தும் மசோதா 5 வாக்கு வித்தியாசத்தில் தப்பியது. தப்ப வைத்தவர்கள் பிளேரின் தொழிற்கட்சியைச் சேர்ந்த ஸ்காட்லாந்து உறுப்பினர்கள். அவர்கள் தொகுதிப் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தவே பொருந்தாது! கோபப்பட வேண்டுமானால் அங்கே படுங்கள்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்போம். சரி, அழாத பிள்ளை?

அதன் பெயர் வேல்ஸ். ஸ்காட்லாந்தைவிட ஏழை நாடு. 1979இல் அதிகாரப் பகிர்வே வேண்டாம் என்று ஐந்தில் நான்கு பேர் வாக்களித்த நாடு. அதனால் லண்டனுக்கு அதனிடம் பயம் இல்லை. தேவையைக் கணக்கிட்டால் வேல்ஸுக்குக் குறைவாகத்தான் போகிறது என்று ஹோல்தம் ஆணையம் 2010இல் காட்டியது. அதை ஓரளவு சரிசெய்யும் ஒப்பந்தத்துக்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எச்.எஸ்.2 அதிவேக ரயில் பாதையில் ஒரு மீட்டர்கூட வேல்ஸ் மண்ணில் இல்லை. ஆனாலும் அது 'இங்கிலாந்து-வேல்ஸ் திட்டம்' என்று எழுதப்பட்டிருப்பதால் அதற்கான பங்கு வேல்ஸுக்குக் கிடையாது. ஸ்காட்லாந்துக்கும் வடக்கு அயர்லாந்துக்கும் உண்டு. வட இங்கிலாந்தின் கதை இன்னும் மோசம். அதே ரயிலின் மான்செஸ்டர் பகுதியை ரத்து செய்கிறோம் என்று ரிஷி சுனக் 2023இல் மான்செஸ்டரிலேயே நின்று அறிவித்தார். மான்செஸ்டர் பிரிந்தா போய்விடும்?

இதைச் சொல்வதால் நான் தேசியக் கட்சிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். பயத்தில் கிடைத்த பணத்துக்கு ஒரு குணம் உண்டு: அதற்குக் கணக்குக் கேட்பது கடினம். எடின்பரோ அரசின் புள்ளிவிவரப்படியே அண்மை ஆண்டுகளில் தலைக்கு 2,000 பவுண்டுக்கு மேல் பிரிட்டன் சராசரியைவிட அதிகம் செலவாகிறது. தீவுகளும் ஆளரவம் குறைந்த மலைப்பகுதிகளும் உள்ள நாட்டில் செலவு கூடத்தான் செய்யும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2007இல் உள்ளாட்சி வரியையே ஒழிப்போம் என்று சொல்லி வந்த கட்சி, அந்த வரியை இன்றும் 1991ஆம் ஆண்டின் வீட்டு மதிப்பை வைத்துத்தான் வசூலிக்கிறதே, அதைத் தடுத்தது லண்டனா? 2018இல் ஓடியிருக்க வேண்டிய கிளென் சானக்ஸ் கப்பல் 2025 ஜனவரியில்தான் பயணிகளை ஏற்றியது. 2020இல் 1,339 பேர் போதைமருந்தால் செத்தார்கள். போதைமருந்துச் சட்டம் லண்டன் கையில். சிகிச்சை மையங்கள் எடின்பரோ கையில். ஒருவர் மற்றவரைக் கைகாட்டலாம், இருவருக்கும் சௌகரியம். குத்தகைக்கு எடுத்த மாதிரி லண்டன் எரிச்சலூட்டிக்கொண்டே இருக்கும், எடின்பரோ அந்த எரிச்சலை வாக்காக மாற்றிக்கொண்டே இருக்கும். செத்தவன் கணக்கு மட்டும் யார் பேரிலும் ஏறாது.

என் கோரிக்கை எளிது. தேவையை அளந்து பங்கிடும் ஒரு முறையைச் சட்டமாக எழுதுங்கள். முதியோர் எத்தனை, நோயாளிகள் எத்தனை, வறுமை எங்கே என்று பாருங்கள். அதில் ஸ்காட்லாந்துக்குக் குறைந்தால் குறையட்டும், கூடினால் கூடட்டும். அப்படிச் செய்தால் தேசியவாதம் வளரும் என்று பயம் காட்டுவார்கள். ஐம்பது ஆண்டுகளாகப் பயந்து பயந்து கொடுத்து எதைத் தடுத்தார்கள்? 2024இல் தேசியக் கட்சி 9 இடத்துக்குச் சரிந்தது. பிரிவினையை ஆதரிப்பவர்கள் அதற்குப் பிறகும் ஏறக்குறையப் பாதிப்பேர் இருக்கிறார்கள். கட்சி சரிந்த அன்று லண்டன் நிம்மதிப் பெருமூச்சு விட்டதே, அந்தப் பெருமூச்சுதான் ஆபத்து. அதன் பொருள் வேல்ஸ்காரனுக்கு நன்றாகத் தெரியும்: மறுபடியும் யாராவது கதவை உதைக்கும்வரை உள்ளே தூங்கப் போகிறார்கள்.