ஒப்பித்த சூத்திரம் உதவுமா?

பௌதிகம் பயில வந்த நம்மவர் பலர் முதலாண்டிலேயே மனந்தளர்வதைக் காண்கிறேன். "ஊரில் தமிழில் படித்தோம், அதனால்தான் இங்கே திணறுகிறோம்" என்பது அவர்கள் கூறும் காரணம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

ஒரு வாய்மொழித் தேர்வில் ஊசலின் அலைவு நேரத்தைக் கேட்டார்கள். சூத்திரத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். "30 பாகை இழுத்துவிட்டால் இச்சூத்திரம் எவ்வளவு பிழைபடும்?" என்றார் பேராசிரியர். வாயடைத்து நின்றேன். கேள்வியின் ஆங்கிலம் எனக்கு நன்றாகவே விளங்கிற்று. விளங்காதது சூத்திரம்தான்!

அன்றிரவு தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். கோணத்தை ரேடியனில் அளந்தால், சிறு கோணத்துக்கு அதன் சைனும் கோணமும் ஏறக்குறைய ஒன்றே. இக்கொள்கையில்தான் அச்சூத்திரம் நிற்கிறது. 10 பாகைக்குக் கோணம் 0.1745, சைன் 0.1736. 30 பாகைக்கோ 0.5236, 0.5. விலகல் கண்ணுக்குத் தெரிகிறது. தொடரில் அடுத்த உறுப்பையும் சேர்த்துக் கணக்கிட்டேன். அலைவு நேரம் நூற்றுக்கு 1.7 பங்கு கூடுகிறது என விடை வந்தது. பல ஆண்டு மனப்பாடம் தராத தெளிவை அந்த ஓரிரவு தந்தது.

எனவே, பௌதிகத்துக்கு வேண்டிய கணிதத்தைக் கைக்கருவியாகப் பழக வேண்டும் என்பதே என் துணிபு. தோராயம் காண்பது, பரிமாணம் சரிபார்ப்பது, எண்ணை இட்டுப் பார்ப்பது, எல்லையில் விடை என்னவாகிறது என்று வினவுவது ஆகியவை கை பழகினாலன்றி வாரா.

"நிறுவாத முறையை ஆளலாமா?" எனக் கணித நண்பர்கள் கேட்பர். டிராக் 1930இல் வெளியிட்ட குவாண்டம் நூலில் டெல்டா சார்பைத் தயங்காமல் ஆண்டார். அதற்கு முழுமையான கணித அடிப்படையை லாரன் சுவார்ட்ஸ் வகுத்தது 1940களில். நிறுவல் வேண்டாம் என்பதன்று என் கட்சி; அது வரும்வரை கைகட்டி இருக்க வேண்டாம் என்பதே. ஆனால் முறை எங்கே பொய்க்கும் என்பதையும் உடன் அறிந்திருக்க வேண்டும்.

நம் சங்கம் பொங்கல் விழா எடுக்கிறது, பட்டிமன்றம் நடத்துகிறது. மகிழ்ச்சியே. ஞாயிறு மாலை ஒரு மணி நேரம், மூத்தவரும் இளையவரும் கூடித் தமிழிலேயே பேசிக் கணக்குப் போட ஓர் அறை திறந்தால் என்ன? வகுப்பில் கேட்கக் கூசும் கேள்வியை அங்கே கேட்கலாம். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் போதும். முதற்கேள்வி கேட்க நான் வருகிறேன், நீங்களும் வாருங்கள்.