வெல்டிங்கிற்கு முன் பேட்டரியைக் கழற்றுக

திண்டுக்கல் சமவெளியில் வெல்டிங் பட்டறைகளுக்கு வேலை ஓய்வதில்லை. வேடசந்தூர், நத்தம் பக்கத்துக் கல் கலந்த நிலத்தில் கலப்பை வளைகிறது. ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி, முருங்கை ஏற்றிச் செல்லும் சிறு சரக்கு வண்டியின் தொட்டி விரிசல் விடுகிறது. வண்டியைப் பட்டறை முன் நிறுத்தி, நின்ற நிலையிலேயே பற்றவைத்துக் கொண்டு போவது நெடுநாள் வழக்கம். புதிய வண்டிகளுக்கு இவ்வழக்கம் ஆகாது.

பழைய லாரியிலும் டிராக்டரிலும் டீசலை அளந்து செலுத்துவது இயந்திர பம்பு. அதற்கு வெல்டிங்கால் பெரிய கெடுதல் இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பி.எஸ்.6 விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் இவ்வேலையைக் கவனிப்பது இ.சி.யு. எனப்படும் மின்னணுப் பெட்டி. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் புதிய புகை விதி வந்தபின், அவற்றிலும் பெரும்பாலும் இப்பெட்டி உண்டு.

வெல்டிங்கில் பாயும் மின்சாரம் 100 ஆம்பியரையும் தாண்டும். எர்த் கிளாம்பைத் தூரத்தில் மாட்டினால், அது திரும்பும் வழி தேடி ஒயர், பேரிங், சென்சார் வழியாகவும் பாயும். பெட்டி கெட்டால் வண்டி கிளம்பாது. சில நூறு ரூபாய் வேலை பல ஆயிரம் ரூபாய் செலவில் முடியும். காய் பறித்த நாளானால் சந்தையும் தவறும்.

கழற்றக் கூடிய பாகத்தைக் கழற்றி, தனியே வைத்துப் பற்றவைப்பதே சிறந்தது. டிரெய்லரை டிராக்டரிலிருந்து பிரித்து, விளக்கு ஒயரின் பிளக்கையும் எடுத்துவிட வேண்டும். வண்டியிலேயே செய்ய நேர்ந்தால், சாவியை எடுத்துச் சில நிமிடம் பொறுத்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலிலும் பாசிட்டிவ் ஒயரை அடுத்தும் கழற்ற வேண்டும். ஆல்டர்னேட்டர் ஒயரையும் இ.சி.யு. பிளக்குகளையும் வண்டியின் கையேட்டில் உள்ளபடி கழற்றுவது அவசியம். பெயின்டும் துருவும் சுரண்டிய இரும்பில், பற்றவைக்கும் இடத்துக்கு மிக அருகில் எர்த் கிளாம்பை மாட்ட வேண்டும். இடையில் பேரிங் எதுவும் வரக் கூடாது. வேலை முடிந்ததும் பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில்.

வண்டி கெட்டபின் பட்டறைக்காரர் மீது மட்டும் பழி போடுவது நியாயமல்ல. வண்டி எந்த வகை என்பதை அறிந்தவர் உரிமையாளரே. ராடை எடுக்குமுன் பேட்டரியைக் கழற்றச் சொல்ல வேண்டியவரும் அவரே. வண்டி விற்கும் கம்பெனிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. பேட்டரியின் அருகில் இவ்வெச்சரிக்கையைத் தெளிவான தமிழில் எழுதி ஒட்டித் தருவது அவர்களுக்குப் பெரிய செலவல்ல. அது வரும்வரை, பட்டறையில் கால் மணி நேரம் பொறுக்கும் விவசாயியின் வண்டி மறுநாள் சந்தைக்குத் தவறாமல் போகும்.