இணையவழி வீட்டுத் தொலைபேசி: விற்பவர் சொல்ல வேண்டியதும் தர வேண்டியதும்

செப்புக் கம்பியில் வந்த பழைய தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் தேவைப்பட்டதில்லை. எக்ஸ்சேஞ்ச் பேட்டரிகளிலிருந்து சுமார் 48 வோல்ட் அதே கம்பி வழியே வந்தது. தெருவே இருண்டாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டது. இப்போது இணையத்தோடு சேர்ந்து தொலைபேசியும் வரும் கண்ணாடி இழையில் ஒளி போகும், மின்சாரம் போகாது. வீட்டில் கரண்ட் போனால் மோடம் அணையும், அதில் செருகிய தொலைபேசியும் ஊமையாகும். எண் மாறவில்லை, கருவி மாறவில்லை. ஆகவே சேவையும் மாறவில்லை என்று சந்தாதாரர் நம்பிவிடுகிறார். அதை விற்பவர்கள் திருத்துவதில்லை என்பதே இவ்வமைப்பின் முதல் குறை.

இன்வெர்ட்டர் மட்டும் போதாது. உள்ளூர் கேபிள்காரர்கள் தரும் இணைப்புகள் சிலவற்றில் மொட்டைமாடியிலோ கம்பத்திலோ ஒரு சுவிட்ச் பெட்டி இருக்கும். தெருவில் கரண்ட் போனால் அது செத்துவிடும். வீட்டில் மோடம் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும், அழைப்பு மட்டும் போகாது.

வேகம் இங்கே பெரிய சிக்கல் அல்ல. ஓர் அழைப்புக்கு நொடிக்கு 100 கிலோபிட் அளவே வேண்டும். இந்தியாவில் 2023 முதல் பிராட்பேண்டின் கீழ் வரம்பே 2 மெகாபிட். அதே வீட்டில் ஒருவர் பெரிய வீடியோவை ஏற்றும்போது குரல் துண்டு துண்டாக வருவது வரிசை நெரிசலால். குரலுக்கு முன்னுரிமை தரும்படி மோடத்தை அமைத்துக் கொடுப்பது நிறுவனத்தின் வேலை.

அவசர அழைப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. செல்போன் செயலிவழி இயங்கும் இணையத் தொலைபேசி எண்ணை எந்த ஊருக்கும் எடுத்துச் செல்லலாம். அழைப்பவர் இருக்கும் இடத்தை எண் காட்டிக்கொடுக்காது. அமெரிக்கா 2005-லேயே இதை உணர்ந்து, சந்தாதாரரின் முகவரியைப் பதிந்து அவசர மையத்துக்கு அனுப்பும்படி இணையத் தொலைபேசி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் விதிப்படி, வீட்டுத் தொலைபேசியை மட்டுமே நம்பியிருப்போர் மின்தடையின்போதும் ஒரு மணி நேரமாவது அவசர எண்ணை அழைக்க நிறுவனங்கள் இலவசமாக வழிசெய்ய வேண்டும். புயல் தாக்கும் கரையிலுள்ள தமிழ்நாட்டுக்கு ஒரு மணி நேரம் காணாது. 2018 கஜா புயலுக்குப் பின் டெல்டாக் கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தனை நாள் எந்தச் சிறு பேட்டரியும் தாங்காதுதான். ஆம்புலன்சை அழைக்கும் முதல் நான்கு மணி நேரத்துக்காவது தாங்கும் பேட்டரியை முதியோர், நோயாளிகள் வீடுகளுக்கு நிறுவனங்களே தர வேண்டும். மின்தடையில் தொலைபேசி இயங்காது என்பதை விண்ணப்பப் படிவத்தில், கையெழுத்து இடத்துக்கு நேர் மேலே, தமிழில் அச்சிட வேண்டும். செல்போன் சிக்னல் வீட்டுக்குள் எட்டாத ஊர்களில் இவை நடைமுறைக்கு வரும்வரை செப்பு இணைப்பைத் துண்டிக்கக் கூடாது.