கட் என்றால் வெட்டு: நான் சொல்லிக்கொடுத்த தப்பு

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன். பாதிக் கோபம் என் மேலேயே.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு வீடியோ. ஏழாம் வகுப்புப் பையன் "கரண்ட் ஈஸ் கட்டிங்" என்கிறான். வீடியோ எடுத்த பெரியவர்களே விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அன்று சாயங்காலமே அதே குழுவில் ஒரு விளம்பரம்: முப்பது நாளில் ஆயிரம் ஆங்கிலச் சொற்கள், தமிழ் அர்த்தத்தோடு. "பையனைச் சேர்த்துவிடலாமா பெரியம்மா?" என்று என்னைக் கேட்கிறீர்கள். வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

1991. எட்டாம் வகுப்பு. கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதினேன்: "த டாக்டர் டோல்ட் அங்கிள் டு கட் டவுன் ஆன் சால்ட்." ஒரு பையனை எழுப்பித் தமிழில் சொல்லச் சொன்னேன். "டாக்டர் மாமாவை உப்பு மேல வெட்டிக் கீழ போடச் சொன்னார்" என்றான். வகுப்பே சிரித்தது. "உங்க மாமா என்ன உப்புக்கண்டமா?" என்று நானும் கேட்டேன். அதுவே அவனுக்குப் பட்டப்பெயராகிவிட்டது. அப்புறம் அந்த வருஷம் முழுக்க அவன் ஆங்கில வகுப்பில் வாய் திறக்கவில்லை. எட்டாவதோடு நின்று லேத் பட்டறைக்குப் போய்விட்டான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். இப்போது சொந்தப் பட்டறை வைத்திருக்கிறான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான்: "டீச்சர், கட்னா வெட்டு, டவுன்னா கீழே, ஆன்னா மேலேன்னு நீங்கதான எழுதிப் போட்டீங்க? நான் அதைத்தானே சொன்னேன்?"

என்னிடம் பதில் இல்லை. பையன் தப்புச் செய்யவில்லை. நான் எழுதிப் போட்ட அர்த்தப் பட்டியல்தான் தப்பு.

நம் வீட்டிலேயே பாருங்கள். காயை அரிகிறோம், வெங்காயத்தை நறுக்குகிறோம், மரத்தை வெட்டுகிறோம், நெல்லை அறுக்கிறோம், இளநீரைச் சீவுகிறோம், துணியைக் கத்தரிக்கிறோம். வேலைக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் இவற்றில் பலவற்றுக்கும் கட் ஒன்றே போதும். ஆனால் பக்கத்தில் ஒரு சின்னச் சொல் வந்து ஒட்டினால் ஆளே மாறிவிடும். கட் டவுன் ஆன் என்றால் குறைத்துக்கொள். கட் இன் என்றால் குறுக்கே புகு. கட் ஆஃப் என்றால் துண்டி. நாட் கட் அவுட் ஃபார் என்றால் அந்த வேலைக்கு ஒத்துவராதவர். கட் கார்னர்ஸ் என்றால் முறையாகச் செய்யாமல் ஒப்பேற்றுவது. குழந்தை பல்லைக் 'கட்' செய்தால் பல் முளைக்கிறது என்று பொருள்! இதில் எங்கே இருக்கிறது கத்தி?

பவர் கட் மின்வெட்டு. டாக்ஸ் கட் மட்டும் வரிக்குறைப்பு. வரிவெட்டு என்று யாரும் சொல்வதில்லை. "கட் யுவர் கோட் அக்கார்டிங் டு யுவர் க்ளாத்" என்பதற்கு நம்மிடம் "விரலுக்குத் தகுந்த வீக்கம்" இருக்கிறது. ஒரு சொல்கூட ஒத்துப்போகவில்லை, கருத்து அப்படியே இருக்கிறது. திருப்பியும் பாருங்கள். மொக்கை போடுபவரிடம் "அறுக்காதே" என்கிறோம். அதை "டோன்ட் கட் மீ" என்று ஆங்கிலேயரிடம் சொன்னால் அவர் உங்கள் கையில் கத்தியைத் தேடுவார்.

இவ்வளவு சிக்கல் இருக்கிற சொல்லை "கட் - வெட்டு" என்று ஒரே வரியில் அடைத்து ஆயிரம் சொல் விற்கிறார்கள். நீங்களும் பணம் கட்டுகிறீர்கள்.

"அர்த்தம் தெரியாமல் எப்படிப் படிப்பது?" என்பீர்கள். அர்த்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெட்டு என்று தொடங்குங்கள், அங்கேயே நிற்காதீர்கள். சொல்லைத் தனியாக எழுதாமல் வாக்கியத்தோடு எழுதச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம் போதும். பிள்ளைகள் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. கிளாஸைக் கட் அடிக்கிறார்கள், போனைக் கட் பண்ணுகிறார்கள். இருநூறுக்கு எவ்வளவு கட் ஆஃப் வரும் என்று கணக்குப் போடுகிறார்கள். எதிலும் வெட்டு என்று குழம்புவதில்லை. அந்தப் பட்டறைக்காரனும் ரஃப் கட், ஃபினிஷ் கட், டெப்த் ஆஃப் கட் என்று சரளமாகப் பேசுகிறான். வேலையோடு வந்த சொல் என்பதால் மனப்பாடம் செய்யாமலே தங்கிவிட்டது.

வீடியோவில் வந்த பையனும் பாதி சரிதான். கரண்ட் போனதைச் சொல்ல வந்தான், சொல்லிவிட்டான். "த பவர் ஈஸ் அவுட்னு சொல்லுடா கண்ணு" என்று ஒரு வரி சொல்லிக்கொடுத்தால் வேலை முடிந்தது. அதை விட்டுவிட்டு நாற்பது பேர் சிரித்தால், அவன் அடுத்த முறை வாய் திறக்க மாட்டான். நான் கண்ணால் பார்த்தவள் சொல்கிறேன்.

அந்த வீடியோவைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

லேத் பட்டறைக்காரத் தம்பி, நீயும் இதைப் படிப்பாய் என்று தெரியும். அன்று சிரித்தது என் தப்பு. எல்லோர் முன்னாலும் சிரித்தேன், அதனால் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

எழுத்துப்பிழை இருந்தால் கமெண்டில் திருத்துங்கள். கருத்தில் சண்டை என்றால் வீட்டுக்கு வாருங்கள், காபி போட்டுக்கொண்டே பேசுவோம்.