உதகையின் கல் பங்களா: எங்கள் நிலைப்பாடு

உதகை அரசு கலைக் கல்லூரியின் முதல்வர் அலுவலகம் இருக்கும் பழைய கட்டடம், கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய வீடு. உதகையில் எழுந்த முதல் ஐரோப்பிய வீடு இதுதான். மலைமக்கள் இதைக் 'கல் பங்களா' என்றார்கள். அது நின்ற குன்றுக்கே ஸ்டோன் ஹவுஸ் ஹில் என்று பெயர் விழுந்துவிட்டது. இந்த வீட்டைக் கல்லூரியின் பொறுப்பிலேயே வைத்துக் காக்க வேண்டும். ஆனால் 'உதகையை உருவாக்கியவரின் வீடு' என்ற ஒரு வரியோடு அதன் கதையை முடித்துவிடக் கூடாது. இதுவே எங்கள் நிலைப்பாடு.

சல்லிவன் செய்தவற்றை நாங்கள் மறுக்கவில்லை. மலைக்குப் பாதை போட்டதும், ஏரியை வெட்டுவித்ததும், உருளைக்கிழங்கு முதலான பயிர்களை இங்கே பயிரிட வைத்ததும் அவர் காலத்தில் நடந்தவை. ஆனால் ஊர் அவரோடு பிறந்ததா? 'மந்து' என்பது இம்மலையின் பழங்குடியினரான தோடர்களின் குடியிருப்பைக் குறிக்கும் சொல். உதகமண்டலம் என்ற பெயருக்குள் அது இன்றும் இருக்கிறது. 1821-ல் சென்னை இதழொன்றில் வெளிவந்த கடிதத்திலேயே அந்தப் பெயர் காணப்படுகிறது. அதாவது, வீட்டுக்குக் கல் அடுக்கும் முன்பே ஊருக்குப் பெயர் இருந்தது. அதைவிட வலுவான சான்றை அந்த வீடே தருகிறது. இந்த நிலம் தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கப்பட்டது என்பது வரலாற்று நூல்கள் சொல்லும் செய்தி. விலை கொடுத்து வாங்கினார் என்றால், விற்க உரிமையுள்ள ஒருவர் அங்கே இருந்தார் என்றுதானே பொருள்? எருமைகள் மேய்ந்த புல்வெளிக்கு ஒரு ரூபாய் நியாயமான விலையா என்பது அடுத்த கேள்வி. எங்கள் பார்வையில் அது நியாயமே அல்ல. தோடர்களுக்கு இந்த நிலத்தில் உரிமை உண்டு என்று சென்னை அரசிடம் வாதாடியவர் சல்லிவன். மலையில் ஏராளமான நிலத்தைத் தம் பெயரில் வைத்திருந்தவரும் அவரே. இந்த முரண்பாட்டை மறைத்துவிட்டு அவரை வெறும் புரவலராகக் காட்டுவது அவருக்கும் நியாயம் செய்வதாகாது.

வெள்ளைக்கார அதிகாரியின் வீட்டை அரசுப் பணத்தில் ஏன் காக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. 2022-ல் உதகையின் 200-ஆம் ஆண்டு விழாவையொட்டிச் சல்லிவனுக்குச் சிலையும் வைத்தாகிவிட்டதால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. எனினும் சிலை புகழ மட்டுமே தெரிந்தது; வீடு அப்படியல்ல. யார் நிலத்தில், என்ன விலைக்கு, எதற்காக என்று அதனிடம் கேட்க முடியும். இடித்துவிட்டால் தோடர்களின் உரிமைக்குக் கண்ணெதிரே நிற்கும் சாட்சியும் சேர்ந்து போய்விடும். சுற்றுலாவுக்காக விடுதியாக்கலாம் என்ற யோசனையையும் நாங்கள் ஏற்கவில்லை. காசு கொடுத்துத் தங்குபவருக்கு மட்டும் திறக்கும் கதவாக அது மாறக் கூடாது. மலைப் பிள்ளைகள் படிக்கும் கல்லூரியாக இருப்பதே அந்த வீட்டுக்கு வாய்த்த நல்ல பயன். அதன் கதையைச் சொல்லும் ஒரு நினைவகமும் அங்கே வேண்டும் என்கிறோம். வகுப்பறைக்கே இடம் போதாதபோது நினைவகம் எதற்கு என்ற கேள்விக்கும் பதில் உண்டு: நாங்கள் கேட்பது ஒரே ஓர் அறை. கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில், இடிந்து கிடந்த சல்லிவனின் முதல் பங்களாவை மீட்டு நினைவகமாக்கியிருக்கிறார்கள். அங்கே முடிந்தது இங்கேயும் முடியும்.

ஆகவே அரசிடமும் கல்லூரியிடமும் நாங்கள் வேண்டுவது இது: அந்த ஓர் அறையை வாரத்தில் ஒரு நாளாவது பொதுமக்களுக்குத் திறந்து வையுங்கள், நில விற்பனை பற்றிய ஆவணங்களின் படிகளை அங்கே வையுங்கள், வாசலில் வைக்கும் பலகையின் வாசகத்தைத் தோடர் மந்துகளின் பெரியவர்களைக் கலந்து எழுதுங்கள். அந்தப் பலகையில் மந்தின் பெயர் முதலிலும் சல்லிவனின் பெயர் அதற்கு அடுத்தும் வரட்டும்.