நாலு கோழிக்கு ஒரு ஊசி

எங்கள் தெருவில் என் பேரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. "கோழி ஆச்சி வீடு" என்றால் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற பையன்கூட நேரே வந்து நிற்பான். தொலைபேசி நிலையத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காலம் தள்ளியவளுக்கு ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த பட்டம் இது. பாளையங்கோட்டையில் பழைய காரைவீடு. பின்னால் ஒரு முருங்கை, இரண்டு வாழை, துவைகல், ஆளுயரச் சுவர். அதற்குள் செவத்தி, கருப்பாயி, கொண்டை, பூச்சி என்று நாலு நாட்டுக்கோழி.

பண்ணை வைக்கிற ஆசையும் இல்லை, அறுத்துச் சாப்பிடுகிற எண்ணமும் இல்லை. நாய் வளர்க்கிற மாதிரி வளர்க்கிறேன் என்றால் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கால்நடை மருந்தகத்திலும் சிரிக்கிறார்கள் என்பதுதான் இதை எழுதக் காரணம். அதற்கு வருகிறேன். முதலில் கோழியைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். பேசாமல் இருக்க என்னால் முடியாது.

காலை ஒன்பது மணி வாக்கில் செவத்தி கேற ஆரம்பிப்பாள். அடுக்களை வாசலுக்கு வந்து என் முகத்தைப் பார்த்துக் கேறிவிட்டு, பழைய மரப்பெட்டிக்குள் போய் உட்காருவாள். ஒரு முட்டை உருவாகி வெளியே வர 24 முதல் 26 மணி நேரம் ஆகும். அதனால் அவள் நேரம் நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போகும். பொழுது சாயும் வரை தள்ளிப்போனதும் ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு மறுபடியும் காலையில் தொடங்குவாள். இட்ட கணத்தில் முட்டை ஓடு ஈரமாக மினுங்கும். கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பதற்குள் ஈரம் வற்றி மங்கிவிடும். அப்படிக் காய்ந்து படிகிற பூச்சுதான் ஓட்டின் நுண்துளைகளை அடைத்துக் கிருமி உள்ளே போகாமல் தடுக்கிறது. முட்டை கைக்கு வந்ததுமே குழாயடியில் தேய்த்துக் கழுவுகிறவர்கள் அந்தக் காப்பைத்தான் கழுவி விடுகிறார்கள். சமைக்கும்போது கழுவினால் போதும். கையை மட்டும் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பேரப்பிள்ளைகள் கோழியைத் தூக்கி முத்தம் கொடுப்பதை நான் அனுமதிப்பதில்லை.

மத்தியான வெயிலில் முருங்கை மூட்டில் மண்குளியல் நடக்கும். சாம்பல் கலந்த பொடிமண்ணைக் காலால் பறித்து, அதில் ஒருக்களித்துச் சாய்ந்து, இறக்கையை விரித்து மண்ணை வாரி வாரி முதுகில் போட்டுக்கொள்ளும். ஒரு கண் மூடியிருக்கும், ஒரு கண் அரைத் திறப்பு. செத்துத்தான் போய்விட்டதோ என்று புதிதாகப் பார்ப்பவர்கள் பதறுவார்கள். கடைசியில் எழுந்து ஒரு உதறு உதறும் பாருங்கள், துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் வீண். கோழிச் செள்ளுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. சாம்பலுக்காகவே வாரம் ஒரு நாள் வெந்நீர் அடுப்பை விறகில் எரிக்கிறேன்.

என் அம்மா சொல்லித்தந்த வித்தை ஒன்று உண்டு. உடைந்த பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, தென்னஞ்செத்தை எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, சுவர் ஓரம் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். மறுநாள் விடியற்காலம் தூக்கினால் உள்ளே கரையான் மொய்த்துக் கிடக்கும். பானையில் நான் கை வைத்தாலே நாலும் வந்து சூழ்ந்துகொள்ளும். ஆனால் கொண்டைதான் முதலில் கொத்த வேண்டும், பூச்சி கடைசியில். முந்தினால் மண்டையில் ஒரு கொத்து. கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு என்பதை நூறு வருஷத்துக்கு முன்பே ஆராய்ந்து எழுதியவர் நார்வேக்காரரான தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே. சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே கோழிகளைக் கவனித்துக் குறித்து வைக்க ஆரம்பித்தவராம். புதுக் கோழி ஒன்றைப் பகலில் கூட்டத்துக்குள் விட்டவர்களுக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் தேவையில்லை. ரத்தம் வருகிற வரை கொத்துவதைக் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். சில நாள் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, ஒன்றையொன்று பார்த்துப் பழகிய பிறகுதான் திறந்துவிட வேண்டும்.

கடைசி இடத்துக்காரியான பூச்சிக்கு மஞ்சள் கால். வீட்டுக் கோழியின் முதன்மையான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் மஞ்சள் தோலுக்கான மரபணு மட்டும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. அந்தச் சாம்பல் காட்டுக்கோழி தென்னிந்தியக் காடுகளின் பறவை. எங்கள் களக்காட்டு மலையிலேயே கூவித் திரிகிறது. வரிசையில் கடைசியாக நின்றாலும் பூச்சிக்குத்தான் பக்கத்து மலையில் சொந்தக்காரர்கள்.

முட்டைக்காகக் கோழி வளர்க்கிறேன் என்று சொல்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். சின்ன உருவ நாட்டுக்கோழிக்கு நாளைக்கு 80 கிராம் தீனி என்று வைத்தால் வருஷத்துக்கு 29 கிலோ ஆகிறது. கிலோ 35 ரூபாய் என்றாலும் ஆயிரம் ரூபாய். வருஷத்துக்கு அது இடுவது எழுபது முட்டை. முட்டை ஒன்று பதினாலு ரூபாய்க்கு மேல். சோற்றுப் பருக்கையும் கரையானும் கீரைத்தண்டும் கொடுத்துச் செலவைக் குறைக்கலாம். ஆனாலும் நாமக்கல் முட்டையோடு போட்டி போட முடியாது. அங்கே கூண்டில் இருக்கிற வெள்ளைக்கோழி வருஷத்துக்கு முந்நூறுக்கு மேல் இடுகிறது. லாபம் வேண்டுமானால் வேறு தொழில் பாருங்கள்.

"சேவல் இல்லாம முட்டை போடுமா ஆச்சி?" என்று கேட்காத ஆள் இல்லை. போடும், குஞ்சுதான் பொரிக்காது. ஊருக்குள், சுவருக்குச் சுவர் ஒட்டின தெருவில் சேவல் கூடாது என்பது என் கட்சி. கிழக்கு வெளுக்கிறதைப் பார்த்துத்தான் சேவல் கூவும் என்று நினைத்துக் கூண்டைச் சாக்குப் போட்டு மூடுகிறார்கள். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் மங்கலான வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சேவல் தன் உடம்புக் கடிகாரத்தை வைத்தே விடியலுக்கு முன்னால் கூவுகிறது என்று 2013இல் எழுதினார்கள். சாக்கு எம்மட்டு? எங்கள் வீட்டில் வளர்ந்த சேவல் நாலு மணிக்குத் தொடங்கும். மாடியில் குடியிருந்த பெண் இரவு முழுக்க கம்ப்யூட்டரில் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் தலை சாய்ப்பாள். அவள் ஒரு வார்த்தை முகம் சுளித்துப் பேசவில்லை. அதனாலேயே எனக்கு உறுத்தியது. அம்பாசமுத்திரம் பக்கம் கொழுந்தன் வீட்டில் கொண்டுபோய் விட்டோம். பொங்கல் கழிந்து போனபோது சேவலைக் காணோம். நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி உண்டு, அது கடைக்கறி. பேர் வைத்த கோழி குழம்புக்கு ஆகாது. இது நியாயமா என்று மருமகள் கேட்கிறாள். பதில் இல்லை, ஆனால் பழக்கம் மாறவில்லை.

சேவல் என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஆனித் திருவிழா வந்தால் ரதவீதி ஓரத்தில் கூடையில் ரோஸ், பச்சை, ஊதா என்று சாயம் போட்ட கோழிக்குஞ்சு விற்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை முட்டைக்கோழிக் குஞ்சுப் பொரிப்பகங்கள் வேண்டாம் என்று கழித்த ஆண் குஞ்சுகள். முட்டை இடாது, கறிக்கும் சீக்கிரம் தேறாது என்பதால் பிறந்த அன்றே பிரித்துவிடுகிறார்கள். முதல் வாரம் 35 டிகிரிச் சூடு வேண்டும் அதற்கு. தாயின் இறக்கை இல்லாவிட்டால் ஒரு குண்டு பல்பாவது வேண்டும். செருப்பு டப்பாவுக்குள் துணி போட்டுப் படுக்கவைத்தால் குளிரில் விறைத்துவிடும். பிள்ளைக்கு உயிர்மேல் அன்பு வரட்டும் என்று வாங்கிக் கொடுக்கிறார்கள். அது பார்க்கப்போவது சாவைத்தான். வாங்காதீர்கள். கோழி ஆசை இருந்தால் தெரிந்த வீட்டில் முட்டையிடப் பக்குவமான விடைக்கோழி இரண்டு வாங்குங்கள். ஒற்றையாக வளர்க்க வேண்டாம், ஏங்கிப்போகும்.

கவலை இல்லாத கோழி வளர்ப்பு கிடையாது. கீரி வந்தால் ஒன்றோடு நிறுத்தாது. கருடன் குஞ்சைத் தூக்கும். காக்கையும் தூக்கும், இதை யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். சித்திரை வெயிலில் வியர்க்க வழியில்லாமல் வாயைப் பிளந்து இரைக்கும். மண்சட்டியில் தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும். கொண்டை வருஷத்தில் மூன்று நாலு தடவை அவயத்துக்கு உட்கார்ந்துவிடுவாள், அடியில் முட்டையே இல்லாவிட்டாலும். அந்தக் காலத்தில் மூக்கில் இறகைக் குத்திவிடுவார்கள், தண்ணீரில் முக்குவார்கள். இரண்டும் வேண்டாத கொடுமை. அடியில் காற்றோட்டம் உள்ள கம்பிக் கூண்டில் நாலு நாள் வைத்தால் வயிற்றுச் சூடு தணிந்து தானாக எழுந்துவிடும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்; 1920களின் பிற்பகுதியில் இந்த நோயை இந்தியாவில் கண்டறிந்த மலையூரின் பேர் அது. கோழி இறக்கையைத் தொங்கப்போட்டு நிற்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து திருகிக்கொள்ளும். ஊசி போடாத கூட்டத்தில் நுழைந்தால் ஏறக்குறைய எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும். போன கோடையில் பின்தெருவில் மூன்று வீட்டுக் கூண்டு காலியானது. சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுத்தார்கள். நானும் மற்ற உபாதைகளுக்குக் கொடுப்பவள்தான். ஆனால் வந்துவிட்ட கழிச்சலை அது நிறுத்தி நான் பார்த்ததில்லை. இதற்கு வழி தடுப்பூசிதான். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா, எட்டாம் வாரம் இறக்கை அடியில் தோலுக்குக் கீழே ஆர்.டி.வி.கே. ஊசி.

இங்கேதான் நாலு கோழிக்காரியின் பாடு. தமிழ்நாட்டில் கால்நடைத் துறை பிப்ரவரியில் இரண்டு வாரம் இலவச முகாம் நடத்துகிறது. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் போட்டிருக்கிறார்கள். ஆனால் கோழி பிப்ரவரியைப் பார்த்தா பொரிக்கிறது? பங்குனியில் பொரித்த குஞ்சு அடுத்த முகாம் வரை வெறும் உடம்போடு இருக்கிறது, நடுவே ஒரு கோடை முழுசாகக் கடந்துபோகிறது. சரி, நாமே போட்டுக்கொள்ளலாம் என்று போனால் மருந்து நூறு டோஸ் புட்டியாகத்தான் கிடைக்கிறது. ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். "நாலு கோழிக்கு யாரும்மா புட்டிய உடைப்பா? செத்தா வேற வாங்கிக்கோங்க" என்றார் அங்கே இருந்த உதவியாளர். அவர்மேல் கோபமில்லை. அவர் பதில் சொன்னது புட்டியின் கணக்குக்கு. நாய், பூனை பார்க்கிற தனியார் கிளினிக்கில் கோழியை மேஜைமேல் வைக்கவே விடவில்லை. பண்ணைக்காரருக்கு மருந்து வீட்டு வாசலுக்கு வருகிறது, நாய் வளர்ப்பவருக்கு ஏசி அறையில் டாக்டர் இருக்கிறார். நடுவில் இருக்கிற எங்களுக்கு ஒரு கதவும் திறக்கவில்லை.

இதில் பணம் பெரிய தடையே இல்லை. நூறு டோஸ் புட்டியின் விலை ஒரு கிலோ கறிக்கோழி விலைகூட வராது. அதில் முப்பது போட்டு எழுபதைக் கொட்டினாலும் அரசாங்கம் ஏழையாகிவிடாது. ஊசி போடாத தெருக்கோழி ஒன்றில் நோய் புகுந்தால் அது பக்கத்துக் கிராமத்துக்கும், அங்கிருந்து பண்ணைக்கும் போகும். ஆகவே இது என் செல்லத்துக்காக மட்டும் கேட்கிற சலுகை இல்லை. ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் மாதத்தில் ஒரு குறிப்பிட்ட காலை, கோழிக்கென்று அறிவித்துப் பலகையில் எழுதிப்போட்டால் போதும். அன்றைக்கு மட்டும் புட்டியை உடைக்கட்டும். இரண்டு மணி நேர வேலை.

எங்கள் பக்கம் நாலைந்து தெருவில் எத்தனை வீட்டில் கோழி இருக்கிறது, வீட்டுக்கு எத்தனை, குஞ்சு எத்தனை என்று எழுதி எடுத்து, அதையே மனுவாகக் கொடுத்திருக்கிறோம். நான் நினைத்ததைவிட நிறையக் கோழி, மொட்டைமாடிகளிலெல்லாம் இருக்கிறது. "இத்தனையையும் யார் பிடிச்சுத் தருவா?" என்று மருந்தகத்தில் கேட்டார்கள். அது எங்கள் வேலை. முந்தின நாள் அடைந்த கூண்டைக் காலையில் திறக்காமல் அப்படியே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவருவோம். காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு யாரும் வரக்கூடாது என்று மனுவிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.