களஞ்சியம் பல, கணக்கு ஒன்று

விழா மலரில் தமிழாசிரியர் ஒருவர் எழுதப் புகுந்தால், இலக்கிய நயத்தையோ சமய நெறியையோ பற்றி எழுதுவார் என்று எதிர்பார்த்தல் இயல்பு. நாமோ கணினியில் ஏடு காக்கும் முறை ஒன்றைப் பற்றி எழுதத் துணிந்தோம். நாம் பயிற்றப்பட்ட ஆசிரியர், பொறியியலர் அல்லோம். ஆயினும், ஏடு காத்தலும் பாடபேதம் நோக்கலும் தமிழாசிரியர் தொழிலுக்குப் புறம்பானவை அல்ல. சிறுப்பிட்டியில் தோன்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, சுவடிகளைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கியே அதனைச் செய்தார். எந்தச் சுவடியில் எந்தப் பாடம், யார் எப்பொழுது மாற்றினார் என்னும் அதே வினாவைத்தான் இன்று கணினிப் பொறியியலரும் கேட்கின்றனர். அவ்வினாவுக்கு விடை சொல்லும் கருவியைப் ‘பதிப்புக் கட்டுப்பாடு’ என்கின்றனர்.

நம் சங்கத்தார் விழா ஆண்டை முன்னிட்டு மூன்று பணிகளை மேற்கொண்டமை அன்பர்கள் அறிந்ததே. பழைய மலர்களைத் தட்டெழுதிக் காத்தல் ஒன்று. தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பயிற்சி நூல் ஆக்குதல் மற்றொன்று. உதவிநிதி பெறும் பிள்ளைகளின் பதிவேட்டைப் பேணுதல் மூன்றாவது. டிக்கோயாவிலிருந்து நாமும், கொழும்பிலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் பழைய மாணவரும் இதில் உழைத்தோம். வசதி கருதி, மூன்றையும் ஒரே களஞ்சியத்தில் குவித்து வைத்தோம். அங்கேதான் பிழை நேர்ந்தது.

பயிற்சி நூலில் எழுத்து வேறுபாடு மலிந்திருந்ததைக் கண்ட அன்பர் ஒருவர், ‘லெட்சுமி’ என்று வந்த இடமெல்லாம் ‘லட்சுமி’ என ஒரே கட்டளையால் மாற்றினார். அவர் நோக்கம் நன்று. பயிற்சி நூலும் திருந்தியது. ஆனால் அதே களஞ்சியத்தில் இருந்த பதிவேட்டிலும் தாய்மார் சிலரின் பெயர் மாறிவிட்டது. பெயர் வங்கிப் புத்தகத்தோடு பொருந்தவில்லையென்று பணம் திரும்பி வந்தது. மூன்று மாதம் உதவிநிதி கிட்டாத பிள்ளைகளின் முகத்தை வகுப்பறையில் நேரே பார்த்தவர் நாம். பழைய வடிவம் களஞ்சியத்தில் இருந்தபடியால் எவர், எந்நாளில், எதனை மாற்றினார் என்பதைக் கண்டு பெயர்களை மீட்டோம். மாற்றியவரைக் குறை கூறோம். மூன்றையும் ஒன்றாய்க் குவித்த நம் ஏற்பாடே குற்றமுடையது.

‘ஓரெழுத்துக்கா இத்தனை பேச்சு?’ என்பார் மலையகத்து வரலாற்றை மறந்தவராவர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இல் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பகுத்து, 1,50,000 பேரின் முடிவைப் பின்னுக்கு ஒத்திவைத்தது. நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. அவ்வளவு காலமும் மனிதனுக்குச் சான்று கடதாசியே. பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்றிருந்தால், சேமலாப நிதி பெறப் போகும் முதியவர் தாம் தாமே என்று நிறுவ அலைய வேண்டியிருக்கிறது. பதிவேடு காப்பது நமக்குப் பொழுதுபோக்கன்று.

இனி, செய்யத்தக்கது யாது? களஞ்சியங்களைப் பிரித்துவிட்டு, ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் தனித்து நடத்தலாம் என்பது ஒரு சாரார் கருத்து. அதுவும் நிறைவுடையதன்று. பயிற்சி நூலில் செய்த திருத்தத்துக்கும் பழைய மலரில் கண்ட பிழைக்கும் உள்ள தொடர்பு அப்போது அறுந்துபோம். தோட்டத்து வழக்கத்தை நோக்குக. மேற்பிரிவுக்கு ஒரு செக்ரோல், கீழ்ப்பிரிவுக்கு ஒரு செக்ரோல். எவரும் இரண்டையும் ஒரே புத்தகமாகத் தைப்பதில்லை. ஆயினும் பெரிய கந்தோரில் சம்பளக் கணக்கு ஒன்றே. பல ஏடு, ஒரு கணக்கு என்னும் அம்முறையே நமக்கு வேண்டுவது.

ரெட்மைன் என்னும் திட்ட மேலாண்மை மென்பொருள் இதற்கு வழி செய்கின்றது. ழான் பிலிப் லாங் என்பார் 2006 இல் வெளியிட்ட இக்கட்டற்ற மென்பொருளில், முன்னர் ஒரு திட்டத்துக்கு ஒரு களஞ்சியமே இணைக்கலாம். 2012 இல் வந்த 1.4 ஆம் பதிப்பிலிருந்து பல களஞ்சியங்களை இணைக்கலாம். திட்டத்தின் அமைப்புப் பக்கத்தில், களஞ்சியம் என்னும் பகுதியிற் சென்று ஒவ்வொன்றாகச் சேர்த்தல் வேண்டும். கருவி எளிது, அதனை ஆளும் முறையில் நாம் வற்புறுத்த விரும்புவன நான்கு.

முதலாவது, பெயரிடுதல். ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் ஓர் அடையாளப் பெயர் கேட்கப்படும். இலத்தீன் சிற்றெழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு ஆகியனவே அதில் இடம்பெறலாம். ஒருமுறை இட்டபின் மாற்ற இயலாது. பிற களஞ்சியத்திலுள்ள கோப்பையோ மாற்றத்தையோ சுட்டும்போது இப்பெயரையே முன்னே எழுதவேண்டும். ஆதலால், பிள்ளைக்குப் பெயர் வைப்பதுபோல் கூடிப் பேசி வைத்தல் நன்று.

இரண்டாவது, முதன்மைக் களஞ்சியத்தைத் தெரிதல். களஞ்சியப் பக்கத்தைத் திறந்தவுடன் முன்னிற்பது அதுவே. நாடோறும் பலர் கை படும் பயிற்சி நூலே அவ்விடத்துக்கு உரியது என்பது நம் துணிபு.

மூன்றாவது, ஆட்பெயரை இணைத்தல். மாற்றம் செய்தவரின் பெயர் களஞ்சியத்தில் ஒரு வகையாகவும், ரெட்மைனில் வேறு வகையாகவும் இருக்கக்கூடும். பயனர் பெயரோ மின்னஞ்சலோ பொருந்தினால் மென்பொருள் தானே இணைத்துக்கொள்ளும். பொருந்தாவிடில் ஒவ்வொரு களஞ்சியத்திலும் இன்னார் இவர் என்று நாமே காட்டவேண்டும். ஒருவரே மூவராகத் தோன்றும் துன்பத்தை அறிந்த மலையகத்தார் இதனைச் சோம்பலால் விட்டுவிடலாகாது.

நான்காவதே தலையாயது. களஞ்சியம் பலவாயினும், ரெட்மைனில் அவற்றைப் பார்க்கும் உரிமை திட்டத்துக்கே வகுக்கப்படுகின்றது, களஞ்சியந்தோறும் வகுக்கப்படுவதில்லை. ஒன்றைப் பார்க்க உரிமை பெற்றவர் அத்திட்டத்துக் களஞ்சியம் அனைத்தையும் பார்ப்பார். எனவே, பிள்ளைகளின் பெயரும் தாய்மாரின் வங்கி விவரமும் அடங்கிய பதிவேட்டை மற்றைய இரண்டோடும் இணைத்தல் தகாது. தனிப்பட்ட உபதிட்டம் ஒன்று அமைத்து, பொறுப்பாளர் சிலரை மட்டும் அதில் அமர்த்துவதே முறை. தாய்த்திட்டத்திலுள்ள பணிக்குறிப்பை உபதிட்டத்து மாற்றக் குறிப்பில் எண்ணிட்டுச் சுட்டவும் இயலுமாதலின், தொடர்பும் அறாது.

‘இவ்வளவு கட்டுப்பாடு தொண்டர்களைச் சலிப்படையச் செய்யாதோ?’ என்று நண்பர் ஒருவர் வினவினார். தொடக்கத்தில் சலிப்புத் தோன்றும் என்பது உண்மையே. ஆயின், முதல் நாளில் ஒரு மணி நேரம் செலவிட மறுத்து, பின்னர் மூன்று மாதம் பிள்ளைகளைக் காக்க வைத்த அநுபவம் நமக்கு உண்டு.

மற்றொன்றையும் எச்சரிக்கையாகக் கூறுவோம். ரெட்மைன் களஞ்சியத்தை வாசித்துக் காட்டுமேயன்றி, காவல் நிற்பதில்லை. கிட் முறையில் அமைந்த களஞ்சியமாயின், ரெட்மைன் இயங்கும் கணினியிலேயே அதன் படி ஒன்று இருத்தல் வேண்டும். அப்படியையும் அவ்வப்போது புதுப்பித்தல் வேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, வேறிடத்தில் படி இல்லாத ஏடுகள் என்றென்றைக்குமாய் மறைந்தன. 2005 இல் தோன்றிய கிட் முறையில், முழுதாகப் படியெடுப்பார் ஒவ்வொருவரிடத்தும் முழு வரலாறும் தங்கும். இருவர் கையிலேனும் படி இருக்கட்டும்.

நம் டிக்கோயாவின் அருகே கெஹெல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிரப்புகின்றது. மஸ்கெலி ஓயா மவுசாக்கலையை நிரப்புகின்றது. இரண்டுக்கும் அணை வேறு, காவல் வேறு. பின்னர் ஒன்றுகூடிக் களனி கங்கையாகப் பாய்கின்றன. நம் பணிகளும் அவ்வாறே அமைதல் வேண்டும். சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இவ்வேற்பாட்டை நிறைவேற்றி, பதிவேட்டுக்குப் பொறுப்பாக இருவரைப் பெயர் குறித்து அமர்த்துமாறு அன்பர்களை வேண்டுகின்றோம். லெட்சுமி என்று எழுதிய தாய் லெட்சுமியாகவே இருக்கட்டும்.